தலைவர் வராத நாளில் கூட்டம் நடக்குமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மலேசியாவின் கெடா மாநிலம் பீடோங்கிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள், தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் வந்தவைதான் அதிகம். சின்ன இளைஞர் குழு ஒன்றை எப்படி நடத்துவது என்பதைத்தான் எல்லோரும் வேறு வேறு பக்கமிருந்து கேட்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கே முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. எங்கள் தோட்டத்தை விற்ற பிறகு லயத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் பக்கத்துத் தாமானுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் ஆனால் மோட்டாரை எடுத்துக்கொண்டு சுற்றுவதைத் தவிர இங்கே பையன்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. அதனால் நானும் நண்பர்களும் ஒரு இளைஞர் குழு ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவு கோயில் மண்டபத்தில் கூட்டம். வாட்ஸ்அப்பில் 18 பேர் இருக்கிறார்கள், கூட்டத்துக்கு வருவது நான்கைந்து பேர். பொங்கல் விழாவுக்குப் பானை வாங்கியது, கூடாரம் சொன்னது, மைக் செட், நன்கொடை எல்லாம் நானே செய்தேன். விழா நன்றாக நடந்தது. முடிந்ததும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நாற்காலியை நானும் என் தம்பியும்தான் அடுக்கினோம். இவர்களுக்குப் பொறுப்பு இல்லையா, இல்லை எனக்குத்தான் தலைமை தாங்கத் தெரியவில்லையா?

பதில்: தம்பி, கைக்கு ஆள் இல்லாமலேயே ஒரு பொங்கல் விழாவை நடத்தி முடித்திருக்கிறீர்கள், அது சாதாரணம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: 'எல்லாம் நானே செய்தேன்.' பானையும் நீங்கள், கூடாரமும் நீங்கள், நன்கொடையும் நீங்கள் என்றால் மற்றவர்கள் அந்த விழாவுக்கு விருந்தாளிகளாகத்தான் வந்திருப்பார்கள். விருந்துக்கு வந்தவர் நாற்காலி அடுக்க மாட்டார்.

'நான் கேட்டேன் அக்கா, யாரும் முன்வரவில்லை' என்பீர்கள். எப்படிக் கேட்டீர்கள்? வாட்ஸ்அப்பில் "கூடாரம் யார் பாக்கிறீங்க?" என்று போட்டால் 18 பேரும் வேறு யாராவது பார்ப்பார்கள் என்றுதான் இருப்பார்கள். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குணம் கிடையாது. ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார், 1913இல் அதை வெளியிட்டார். ஆள் சேரச் சேர மொத்த இழுப்பு கூடுகிறது, ஆனால் ஒவ்வொருவரும் தனியாக இழுத்தபோது போட்ட பலத்தைக் கூட்டத்தில் போடுவதில்லை. தீபாவளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் பொதுவில் கேட்பதை நிறுத்திவிட்டு, ஆளைப் பார்த்து, நேரில், தனியாகக் கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போது வேலையை மட்டும் கொடுத்தால் போதாது, அந்த வேலையில் உள்ள முடிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் இங்கே அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். "டேய், மைக் செட் கொஞ்சம் பாருடா" என்றால் அது எடுபிடி வேலை. "மைக் செட் உன் பொறுப்பு. 300 வெள்ளிக்குள் முடியணும். விழாவுக்குப் பத்து நாள் முன்னாடி உறுதி பண்ணிட்டுக் கூட்டத்தில் சொல்லணும். யார்கிட்ட எடுக்கிறதுன்னு நீயே முடிவு பண்ணு" என்றால் அது பொறுப்பு. தொகை தெரிகிறது, தேதி தெரிகிறது, அதற்குள் அவன் இஷ்டம். பிறகு அவன் உங்களுக்குப் பிடிக்காத கடையில் எடுத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். நல்ல உழைப்பாளிகள் பலர் தலைவராகும்போது சறுக்குவது இந்த இடத்தில்தான். கொடுத்த வேலையில் பாதியிலேயே கையை விட்டு, "நகரு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு தடவை வாங்கினால் அடுத்த தடவை அந்தப் பையன் கையே நீட்ட மாட்டான்.

1930களின் கடைசியில் அமெரிக்காவின் ஐயோவாவில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற மூவர் பத்துப் பதினோரு வயதுப் பையன்களைச் சின்னச் சின்ன மன்றங்களாகப் பிரித்து, முகமூடி செய்வது மாதிரியான வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளை போடுவார். இன்னொரு வகையினர் பையன்களோடு பேசி முடிவெடுப்பார்கள். மூன்றாவது வகை, உங்கள் பாடு என்று சும்மா விட்டுவிடுவார். 1939இல் வந்த அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தலைவர் வேண்டுமென்றே அறையைவிட்டு வெளியே போகிற இடம். கட்டளை போட்டவர் வெளியே போனதும் அவருடைய குழுவில் வேலை சட்டென்று படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவில் வேலை ஏறக்குறைய அப்படியே நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது குழு தலைவர் இருந்தபோதும் ஒழுங்காக எதையும் முடிக்கவில்லை. ஆகவே பொறுப்பைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதும் பயன்படாது. நடுவில் ஒரு தடவை போய், "எதுவரைக்கும் வந்திருக்கு, எங்கேயாவது மாட்டிக்கிச்சா?" என்று கேட்கத்தான் வேண்டும். மாட்டியிருந்தால் வேலையைச் சின்னதாக்குங்கள், கூட ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். வேலையை மட்டும் திரும்ப வாங்காதீர்கள்.

சரி, நான்கைந்து பேர்தான் வருகிறார்கள் என்ற கவலைக்கு வருவோம். முதலில் நாளைப் பாருங்கள். ஞாயிறு இரவு என்று எழுதியிருக்கிறீர்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு படிப்பு நாள், திங்கள் காலை மறுபடி பள்ளி. எந்த அம்மா படிவம் 5 படிக்கிற பிள்ளையை ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு அனுப்புவார்? உங்களுக்கு ஞாயிறு லீவு என்பதால் அந்த நாள் உங்களுக்குத் தோதாக இருந்திருக்கும். கூலிம், சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கோ நாளும் கிழமையும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு தாளை எடுத்து, யாருக்கு என்ன ஷிஃப்ட், யாருக்கு எப்போது டியூஷன், யார் வீட்டில் மோட்டார் இல்லை என்று ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அதை எழுதி முடிக்கும்போது, 'பொறுப்பில்லாதவன்' என்று நீங்கள் நினைத்தவர்களில் சிலர் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியவரலாம். வியாழன் இரவு எட்டரைக்கு, மாதம் இரண்டு தடவை வைத்துப் பாருங்கள். மறுநாள் பள்ளி இல்லை, பகல் ஷிஃப்ட் பார்க்கிறவர்களும் வீடு திரும்பிக் குளித்துவிட்டு வர நேரம் இருக்கும். நாளை ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் ஆள் குறைவு என்று தள்ளிப்போட வேண்டாம், மூன்று பேர் வந்தாலும் கூட்டம் நடக்கட்டும். கூட்டம் நிச்சயம் இருக்கும் என்று தெரிந்தால்தான் ஷிஃப்ட் ஒத்துவருகிற வாரத்தில் நம்பி வருவார்கள்.

கூட்டம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போன தடவை முடிவு செய்தது என்னவாயிற்று, இந்தத் தடவை எதை முடிவு செய்யணும், கையில் பணம் எவ்வளவு, இவ்வளவுதான். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதி, கூட்டம் கலைவதற்கு முன்பே சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பிறகு புட்சால் விளையாடலாம், மீ கோரிங் சாப்பிடப் போகலாம். ஒன்றாகச் சாப்பிடுகிற, விளையாடுகிற நேரத்தைத் தண்டம் என்று நினைக்காதீர்கள், பாதிப் பேர் அதற்காகத்தான் வருவார்கள், அதில் எந்தத் தப்பும் இல்லை.

18 பேரையும் சம அளவு உழைக்கவைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஆறேழு பேர் நிலையாக நின்றால் போதும். பள்ளியில் பெங்காக்காப் என்ற சாரணர் படையில் இருந்தவர்களுக்கு இது பழக்கம்தான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு பையனைத் தலைவனாக வைத்தார். உங்களிடமும் விளையாட்டுக்கு மூன்று பேர், பள்ளிப் பிள்ளைகளின் டியூஷனுக்கு மூன்று பேர் என்று பிரியட்டும்.

இன்னொன்று, எல்லா வேலையிலும் இரண்டு பெயர் இருக்கட்டும். ஒருவர் தெரிந்தவர், ஒருவர் கற்றுக்கொள்பவர். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கு இங்கே இருப்பார்கள், நாளைக்குப் பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் என்று வேலை தேடிப் போய்விடுவார்கள். நீங்களும் போகலாம். மண்டபத்துச் சாவி எங்கே, கூடாரக்காரர் எண் என்ன என்பதெல்லாம் உங்கள் கைபேசியில் மட்டும் இருந்தால் நீங்கள் பஸ் ஏறுகிற அன்றைக்கே குழுவும் முடிந்துவிடும். ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த மாதம் ஒரு கூட்டத்துக்கு வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லி, நடத்துகிற பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு உண்மையிலேயே போகாமல் இருங்கள். நடந்ததா, என்ன முடிவானது என்று மறுநாள் குறிப்பேட்டைப் பாருங்கள். உங்கள் குழு எந்த அளவில் இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: சங்கமாகப் பதிவு செய்தால்தான் நன்கொடை தருவோம் என்கிறார்கள். எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்குப் பதிவு தேவையா?

பதில்: தேவைதான். 7 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால் பதிவு வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். இளைஞர் அமைப்புகளுக்கென்றே 2007ஆம் ஆண்டின் 668ஆவது சட்டம் தனியாக இருக்கிறது. 15 முதல் 40 வயது வரை என்றிருந்த இளைஞர் வயதை 30ஆகக் குறைக்கும் திருத்தம் 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அதனால் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது வயதையும் பாருங்கள்.

இவ்வளவு தாள் வேலை இப்போதைக்கு முடியாது என்றால், ஏற்கெனவே பதிவான கோயில் நிர்வாகத்தின் இளைஞர் பிரிவாக இருக்கலாம், அல்லது தமிழ் இளைஞர் மணிமன்றம் போன்ற அமைப்பின் கிளையாகச் சேரலாம். சேருவதற்கு முன்பு, யார் எதை முடிவு செய்வது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கப் பதிவிலாகாவில் தனியாகப் பதிந்தால் ஆண்டுக்கூட்டம் நடந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும், இதில் கோட்டைவிட்டுப் பதிவை இழக்கிற சங்கங்கள் உண்டு. செயலாளராக வருகிறவர் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை, தேதியை மறக்காதவராக இருந்தால் போதும்.

பணத்தை மட்டும் யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. குழுவின் பெயரில் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு விழா முடிந்ததும் வரவு செலவை எழுதி மண்டபத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிடுவது. 20 வெள்ளி நன்கொடை கொடுத்த பாட்டிக்கும் அது எங்கே போனது என்று பார்க்க உரிமை இருக்கிறது.

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. குழுவில் நாங்கள் ஐந்து பெண்கள். எங்களுக்குக் கோலம், சாப்பாடு, வரவேற்பு மட்டும்தான். கூட்டத்தில் ஒன்று பேசுவோம், மறுநாள் பார்த்தால் வேறு மாதிரி முடிவாகியிருக்கும். கேட்டால் "ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடையில் பேசினோம்" என்கிறார்கள். வீட்டில் இரவுக் கூட்டத்துக்கு விடுவதும் இல்லை. விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம் தங்கச்சி, ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம். உங்கள் குழுவின் உண்மையான கூட்டம் இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் நடக்கிறது. அந்த மேசையில் இருப்பவர்கள்தான் குழு, மற்றவர்களுக்குச் செய்திதான் வருகிறது. பையன்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, தே தாரிக் குடிக்கும்போது பேச்சு வரும், பேசப் பேச முடிவாகிவிடும். அதற்காக விட்டுவிட முடியாது. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: கூட்டத்தில் எடுத்த முடிவைக் கூட்டத்தில்தான் மாற்றலாம், வெளியில் தோன்றிய யோசனையைக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். இதைத் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். இன்னொருவரிடம் முன்பே பேசி, நீங்கள் சொன்னதும் "நானும் இதை ஆதரிக்கிறேன்" என்று அவரை உடனே பேசச் சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் கோபம் என்பார்கள், இரண்டாவது குரல் வந்ததும் அது குழுவின் விஷயமாகிவிடும்.

கோலத்தை விடச் சொல்ல மாட்டேன், பிடித்தால் போடுங்கள். ஆனால் அடுத்த விழாவில் மேடையோ, விளையாட்டுப் போட்டியோ, நன்கொடையோ ஏதாவது ஒன்றை முழுப் பொறுப்பாகக் கேட்டு வாங்குங்கள். கோலத்துக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு பையன்கள் பெயர் எழுதட்டும்.

இதைப் படிக்கிற தலைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறீர்களே, அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? போன் செய்து "அங்கிள், அனுப்புங்க" என்றால் எந்த அப்பாவும் யோசிப்பார். குழுவில் பொறுப்பில் இருக்கும் ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு நேரில் போய், எங்கே கூட்டம், எத்தனை மணிக்கு முடியும், யார் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்தும் விடுங்கள். இரண்டு கூட்டத்தில் ஒன்றையாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வைத்தால் கோயிலுக்கு வருகிற அம்மாக்களோடு பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, யாரையும் ஒரு பெரியவரோடு தனியாக விடுவது கிடையாது, தனியாகச் செய்தி அனுப்புவதும் கிடையாது என்பதை எழுதப்பட்ட விதியாகவே வையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2017இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, குழு நடத்துகிறவர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் கோயில் நிர்வாகத்தில் பல வருடம் இருக்கிறேன், வயது 61. மண்டபத்தை இளைஞர்களுக்கு விடுகிறோம். சொல் பேச்சுக் கேட்பதில்லை. குப்பையை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்கள் வழிகாட்டத் தயாராக இருந்தும் எங்களை ஒதுக்குகிறார்கள். என்ன செய்வது?

பதில்: வணக்கம் ஐயா. குப்பை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மண்டபத்துச் சாவிக்குப் பொறுப்பு இன்னார், மூடும் நேரம் இது, கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் பூட்டணும், தவறினால் அடுத்த மாதம் சாவி இல்லை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். எழுதிய விதியை இளைஞர்கள் மதிப்பார்கள். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுகிற வாய்ச்சொல்தான் அவர்களுக்கு எரிச்சல்.

வழிகாட்டுவது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றி மரியாதையோடு ஒன்று கேட்கிறேன் ஐயா. அவர்கள் செலவு செய்ய எவ்வளவு பணத்துக்கு உங்கள் அனுமதி வேண்டும்? பேனரில் என்ன நிறம் என்பதற்குக்கூட நிர்வாகத்தைக் கேட்க வேண்டுமா? கேட்க வேண்டும் என்றால் அவர்கள் ஒதுங்கத்தான் செய்வார்கள். 2021 டிசம்பரிலிருந்து இந்த நாட்டில் 18 வயதில் ஓட்டுரிமை வந்துவிட்டது. நாட்டை ஆள்வது யார் என்று முடிவு செய்கிற பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் போட்டியின் பட்டியலை முடிவு செய்யத் தெரியாதா?

உங்கள் வட்டாரத்துக்கே இதில் பெரிய சரித்திரம் உண்டு. 1940களின் நடுவில், போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்துத் தொழிலாளிகள் சீருடை போட்டு அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பக்கத்தில் எந்த அமைச்சும் அலுவலகமும் இல்லை. உங்கள் தாய் தகப்பன் காலத்தில் நடந்தது இது, அவர்கள் வாயால் நீங்கள் கேட்டிருக்கலாம். ஒரு கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளே உங்களை அழைக்கும்படி சொல்லி அனுப்புங்கள், போய் அதைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள், அன்றைக்கு மட்டும் மண்டபத்தைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ பேச வேண்டாம். அப்புறம் நிர்வாகத்திலிருந்து ஒரே ஒருவரைத் தொடர்பாளராக வையுங்கள். ஐந்து பெரியவர்கள் ஐந்து விதமாகச் சொன்னால் எந்தப் பேச்சைக் கேட்பது என்று அவர்களுக்குப் புரியாது.

கேள்வி: குழுவில் நன்றாக உழைக்கிற ஒரு பையன் கெத்தும் என்ற போதை இலையைக் காய்ச்சிய தண்ணீரைக் குடிக்கிறான். பெற்றோர்கள் சிலர் "அவனை எடுத்துவிடு, இல்லையென்றால் எங்கள் பிள்ளையை அனுப்ப மாட்டோம்" என்கிறார்கள். நான் செயலாளர், 21 வயது. தலைவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

பதில்: தலைவர் செய்தது சரியில்லை. பானை வாங்குவதைக் கொடுத்துவிடலாம், ஒரு பிள்ளையின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட முடிவை 21 வயது ஆளின் தலையில் தனியாக வைக்கக் கூடாது. அவரையும் கூட வைத்துக்கொண்டுதான் இதைப் பேச வேண்டும்.

கெடாவில் கெத்தும் இலை எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதிலுள்ள மித்ராகைனின் என்ற பொருள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, காய்ச்சி விற்றால் வழக்கு வரும். 'வெறும் இலைத் தண்ணீர்தானே' என்று பேசுவதை நம்பாதீர்கள், தொடர்ந்து குடிப்பவர்களுக்கு விடும்போது உடம்பு வலி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். அதனால்தான் "நாளையிலிருந்து நிறுத்து" என்று சத்தியம் வாங்குவது பலிக்காது.

இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பிரியுங்கள். குழு நடக்கிற இடத்துக்கு அவன் குடித்துவிட்டு வரக் கூடாது, பாட்டிலைக் கொண்டுவரக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அன்றோடு வெளியே. இதில் இரக்கமே வேண்டாம், பெற்றோர்களிடமும் இதைச் சொல்லலாம். ஆனால் வீட்டில் குடிக்கிறான் என்பதற்காகக் குழுவிலிருந்து தள்ளினால், அவன் போய் உட்காரும் இடம் செம்பனைக் காட்டு ஓரத்தில் குடிக்கிற கூட்டம்தான், வேறு எங்கே போவான்? உங்கள் குழுவில் அவன் உழைக்கிற அந்த மூன்று மணி நேரம் அவன் குடிக்காத மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம்.

தனியாக அழைத்துப் பேசுங்கள். எப்போது ஆரம்பித்தது, எதற்காகக் குடிக்கிறான் என்று கேளுங்கள். லோரி ஓட்டுகிற, இரவு ஷிஃப்ட் பார்க்கிற பையன்கள் பலர் அசதிக்காக ஆரம்பித்து மாட்டிக்கொள்கிறார்கள். அரசுக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க நீங்களே கூடப் போங்கள். வீட்டில் அடி உதை, வன்முறை என்று தெரியவந்தால் தாலியான் காசிஹ் என்ற அரசு உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். நீங்கள் வைத்தியரும் இல்லை, போலீசும் இல்லை, அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவனிடம் கேட்டதை வாட்ஸ்அப்பில் போடவும் கூடாது, பெற்றோர்களிடம் விவரமாகச் சொல்லவும் கூடாது. கோபமாக இருக்கும் பெற்றோர்களிடம் விதிகளை மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேலும் தன் பிள்ளையை அனுப்ப மறுப்பவர் இருந்தால், அது அவருடைய உரிமை என்று விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. எல்லோர் முன்னாலும் பேச வராது, குரல் நடுங்கும். ஆனால் எங்கள் டியூஷன் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். முடியுமா?

பதில்: முடியும் தம்பி. அதிகம் பேசுகிற தலைவரைவிட எல்லோரையும் பேசவைக்கிற தலைவர்தான் சின்னக் குழுவுக்கு உதவுவார். கூட்டத்துக்கு முன்பே மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: போன வாரம் எந்தப் பாடம் யாருக்குப் புரியவில்லை, இந்த வாரம் அதை யார் சொல்லிக்கொடுப்பது, எஸ்.பி.எம். தேர்வின் பழைய வினாத்தாளை யார் எடுத்து வருவது. வட்டமாக உட்காருங்கள், இடது பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கேளுங்கள், இடையில் யாரும் வெட்டிப் பேச விடாதீர்கள். தாளைப் பார்த்தே படியுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒருவர் சொன்னதை எழுதிக்கொண்டு, "நீ சொன்னது இதுதானே?" என்று திரும்பப் படித்தாலே போதும், அடுத்தவர் தானாகப் பேச ஆரம்பிப்பார்.